மரகதத்தின் பிறப்பு: சொல் வரலாறும் கல் வரலாறும்

முன்னுரை

ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்லும் பொருட்பெயர்களுள் மணிப்பெயர்கள் தனித்த இயல்புடையன. நெல், மிளகு, யானை போன்றவற்றின் பெயர்கள் பெயரும்போது பெரும்பாலும் பொருளும் உடன் பெயர்கின்றது. ஐயம் எழுந்தால் பொருளை நேரிற் கண்டு தெளியலாம். மணியோ பட்டை தீட்டப்பெற்று, பிறந்த இடத்தின் அடையாளங்களை இழந்த நிலையிலேயே சந்தைக்கு வருகின்றது. அது எங்குத் தோண்டப்பட்டது என்பதை வணிகர் வெளியிடுவதில்லை. ஆகவே பெயர் ஒரு வழியிலும் பொருள் மற்றொரு வழியிலும் செல்லுதல் மணிகளின் வரலாற்றில் மிகுதி.

மரகதம் இதற்குத் தக்க சான்றாகும். இச்சொல் பல்லாயிரம் கல் தொலைவு கடந்து தமிழுக்கு வந்தது. இச்சொல்லாற் சுட்டப்படும் கல்லின் அறிவியற் பெயரோ தென்னிந்தியாவிற் பிறந்ததாகக் கருதப்படும் வேறொரு சொல்லின் வழிவந்தது. மரகதம் மண்ணுள் எவ்வாறு உருவாகின்றது என்ற வினாவுக்கு விடை கிடைத்த பின்னரே, பழைய நூல்கள் இப்பெயரால் எதனைக் குறித்தன என்பதும் ஓரளவு தெளிவாயிற்று. இக்கட்டுரை இவ்விரு வரலாறுகளையும் இணைத்து நோக்கி, மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் சிக்கல்களுக்கு அவை தரும் விளக்கத்தைத் தொகுத்துரைக்கின்றது.

1. சொல்லின் பயணம்

'மரகதம்' என்பது வடமொழியில் 'மரகத' எனவும், கிரேக்கத்தில் 'ஸ்மாரக்தோஸ்' எனவும் வழங்குகின்றது. கிரேக்கத்தில் முதற் சகரம் நீங்கிய 'மாரக்தோஸ்' என்ற வடிவமும் உண்டு. இவ்விரண்டுக்கும் மூலமாக அறிஞர் சுட்டுவது, ஒளிர்தல், மின்னுதல் என்னும் பொருளுடைய 'ப-ர-க்' என்ற செமித்திய வேராகும். அக்காதிய மொழியின் 'பர்ரக்து', எபிரேயத்தின் 'பாரெக்கெத்' ஆகிய மணிப்பெயர்கள் இவ்வேரினின்று கிளைத்தவை. எனவே இப்பெயரின் தொடக்கப் பொருளிற் பச்சை நிறம் இல்லை. மின்னல் போன்ற ஒளியே உள்ளது. நிறப்பொருள் பின்னர் ஏறியதாகும்.

வடமொழி வடிவம் கிரேக்கத்தின் வழி வந்ததா, செமித்திய மொழியிலிருந்து நேரே வந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பிராகிருதத்தில் 'மரகத' என்பதன் இடைமெய்கள் ஒலிப்புடையனவாக, ககரமும் தகரமும் மென்மையுற்று ஒலிக்கும் வடிவம் காணப்படுகின்றது. அது கிரேக்கச் சொல்லின் இடைமெய்களுக்கு நெருக்கமானது. அதனை நோக்கி, பிராகிருதத்தில் முதலிற் புகுந்த சொல் பின்னர் வடமொழி மரபுக்கேற்ப வல்லொலி பெற்றது எனக் கருத இடமுண்டு. தமிழில் 'மரகதம்' என்பதன் உச்சரிப்பும் பிராகிருத வடிவத்தை ஒத்திருக்கின்றது. ஆயினும் உயிர்களுக்கிடையே வல்லினம் மென்மையுற்று ஒலித்தல் தமிழின் பொதுவியல்பாதலின், உச்சரிப்பு ஒன்றையே கொண்டு தமிழ்ச்சொல் பிராகிருத வழியது என முடிவு செய்தல் பொருந்தாது.

கிரேக்க வடிவம் மேற்கே இலத்தீனத்திற் புகுந்து, பழைய பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்தில் 'எமரால்டு' எனவும், இசுபானியத்தில் 'எஸ்மெரால்தா' எனவும் ஆயிற்று. அதுவே கிழக்கே அரபியிலும் பாரசீகத்திலும் 'ஸுமுர்ருத்' என மாறி, துருக்கிய மொழியின் வழி உருசியத்தில் 'இஸும்ருத்' ஆயிற்று. இந்தோனேசியத்தில் 'ஸம்ருத்' ஆயிற்று. வடமொழி வடிவமோ தாய்லாந்து மொழியில் 'மொரகோத்' என வழங்குகின்றது. ஆக, தென்கிழக்கு ஆசியாவில் ஒரே மூலத்தின் இரு கிளைகள், ஒன்று இந்திய வணிகத்தின் வழியாகவும் மற்றொன்று இசுலாமியப் பண்பாட்டின் வழியாகவும் வந்து, அண்டை மொழிகளில் நிலைபெற்றுள்ளன. இந்தியில் மிகுதியாக வழங்கும் 'பன்னா' என்ற சொல் இக்குடும்பத்தைச் சார்ந்ததன்று. இலை என்னும் பொருளுடைய 'பர்ண' என்ற சொல்லோடு அது தொடர்புறுத்தப்படுகின்றது. தமிழில் 'பச்சை', 'பச்சைக்கல்' என்பன நிறத்தாலும், 'கருடப்பச்சை' என்பது தொன்மத்தாலும் பெற்ற பெயர்கள்.

2. பச்சைக்கல் எல்லாம் மரகதமா?

பண்டைய நூல்களில் இப்பெயர் ஒரு கனிமத்தை மட்டும் குறிக்கவில்லை. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் கற்களைப் பற்றி நூலெழுதிய தியோஃபிராஸ்டஸ், பாபிலோனிய மன்னன் எகிப்துக்கு அனுப்பியதாகச் சொல்லப்பட்ட நான்கு முழ நீள 'ஸ்மாரக்தோஸ்' ஒன்றைக் குறிப்பிடுகின்றார். இத்தகைய அளவு இன்று மரகதம் எனப்படும் மணிக்குப் பொருந்தாது. கி.பி. முதல் நூற்றாண்டினரான மூத்த பிளினி தம் இயற்கை வரலாற்றின் 37ஆம் நூலில் இதன் வகைகள் பன்னிரண்டு என்கின்றார். அவற்றுட் செம்புத் தாதுக்களோடு சேர்ந்து கிடைக்கும் பச்சைக் கற்களும் அடங்கும். சித்திய நாட்டுக் கல், பாக்திரியக் கல், எகிப்தியக் கல் என அவர் முதலிற் கூறும் மூன்றனுள் எகிப்தியக் கல் உண்மையான மரகதமே என்பது அங்குள்ள பழஞ்சுரங்கங்களால் உறுதிப்படுகின்றது.

இதே நெகிழ்வு ஆசியாவிலும் உண்டு. பாங்காக்கில் உள்ள புகழ்பெற்ற புத்தர் திருவுருவம் 'மொரகோத்' என்னும் அடையைப் பெற்றுள்ளது. ஆங்கிலத்தில் 'எமரால்டு புத்தர்' என்றே மொழிபெயர்க்கப்படுகின்றது. ஆயின் அவ்வுருவம் பெரில் இனக் கல்லால் ஆனதன்று. வேறொரு பச்சைக் கல்லிற் செதுக்கப்பட்டது. தமிழகத்தில் மரகத இலிங்கம், உத்தரகோசமங்கை மரகத நடராசர் என வழங்கும் பெயர்களிலும் 'மரகதம்' என்பது திருமேனியின் பசுமையையும் அருமையையும் உணர்த்தும் வழிபாட்டுச் சொல்லாகும். கனிம இயலார் தரும் வரையறையை அப்பெயரினின்று பெற இயலாது; பெறவேண்டிய தேவையும் வழிபாட்டு மரபுக்கு இல்லை.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடை வீதி விரித்துரைக்கப்படுகின்றது. அங்கு இம்மணி பசிய மேனியாலும் பசிய ஒளியாலும், ஏகை, மாலை, இருள் என்னும் குற்றங்கள் நீங்கிய தன்மையாலும் சுட்டப்படுகின்றது. அது மரகதம் என உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் பெயர் கூறி விளக்குகின்றார். மணிநோட்டம் வல்லாரின் மொழியில் ஒரு மணியைப் பெயரைவிட இயல்பும் குற்றமும் கொண்டே வரையறுத்தனர் என்பது இதனாற் புலனாகின்றது. இக்குற்றங்கள் பற்றிப் பின்னர்க் காண்போம்.

3. வைடூரியமும் பெரிலும்

இன்றைய கனிம இயலின்படி மரகதம் ஒரு தனிக் கனிமம் அன்று. 'பெரில்' என்னும் கனிமத்தின் பச்சை வகை. பெரிலின் நீல வகையை அக்வாமரின் என்பர். 'பெரில்' என்ற பெயர் கிரேக்கத்தின் 'பேரில்லோஸ்' என்பதிலிருந்து வந்தது. அதற்கு மூலம் பாலியின் 'வேளுரிய', பிராகிருதத்தின் 'வேருலிய' என்னும் வடிவங்கள். இவற்றின் வடமொழி இணை 'வைடூர்ய'. இச்சொற்களுக்குத் திராவிட மூலம் இருத்தல் கூடும் எனப் பலர் கருதுவர். சிலர் வெளிறு, விளர் என்னும் தமிழ்ச் சொற்களோடும், வேறு சிலர் வேளூர் என்னும் ஊர்ப்பெயரோடும் இதனை இயைப்பர்.

வடமொழி இலக்கணத்தார் இச்சொல்லை ஊர்ப்பெயராற் பிறந்ததாகக் கொண்டனர். பாணினி 'விதூர' என்னும் இடப்பெயரினின்று இதனை வருவிக்கின்றார். பதஞ்சலியோ இம்மணி விதூரத்தில் தோன்றுவதன்று, வாலவாயத்தில் தோன்றுவது என்ற தடையை எழுப்பி அதற்கு விடை காண முயல்கின்றார். பிறந்த இடம் ஒன்று, பட்டை தீட்டிய இடம் மற்றொன்று, பெயர் பெற்றது இரண்டாம் இடத்தால் என்ற விளக்கமும் இவ்விவாதத்தில் எழுகின்றது. மணிப்பெயரைக் கொண்டு மணியின் பிறப்பிடத்தை அறிய முற்படுவதன் இடர்ப்பாட்டை முதன்முதல் எடுத்துரைத்தவர்கள் இலக்கணத்தாரே என்பது நோக்கத்தக்கது.

பெரில் தென்னிந்தியாவில் தோண்டப்பட்டதற்குப் பிற சான்றுகளும் உள்ளன. கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான தாலமி, 'புன்னாட' என்ற இடத்தில் பேரில்லோஸ் கிடைக்கும் என்கின்றார். இன்றைய திருப்பூர் மாவட்டம் காங்கேயத்தை அடுத்த படியூர் பெரிலுக்குப் பெயர்பெற்றது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நிகழ்த்திய அகழாய்வுகளில் மணி செய்யும் தொழிற்கூடங்களும் பெரில், நீலம், படிகம் முதலிய கற்களும் வெளிப்பட்டன. பதிற்றுப்பத்துக் கூறும் 'கொடுமணம்' இவ்வூரே என்பர்.

இவ்வாறு மேற்கே சென்ற சொல் கனிமத்தின் பொதுப்பெயராயிற்று. செருமன் மொழியில் மூக்குக்கண்ணாடியைக் குறிக்கும் 'பிரில்லெ' என்பதும் அதன் வழித்தோன்றலே. கிழக்கே சென்ற சொல் சீனத்தில் 'லியுலி' என மாறி, வண்ணக் கண்ணாடியையும் மெருகோட்டையும் குறிக்கலாயிற்று. தாயகத்திலோ 'வைடூரியம்' என்பது இன்று பூனைக்கண் போல் ஒளிக்கீற்றுடைய கிரிசோபெரில் என்னும் வேறொரு கனிமத்தைக் குறிக்கின்றது. பெயரில் 'பெரில்' இருப்பினும், பெரிலியம் உடையதாயினும், கிரிசோபெரில் பெரிலின் இனமன்று. சொல்லைத் தந்த மொழிகளில் அச்சொல் வேறு கல்லுக்கு உரியதாயிற்று. சொல்லைப் பெற்ற மொழிகளில் பழைய கல்லோடு நிலைத்தது.

4. பிறப்பைப் பற்றிய பழங்கருத்துகள்

இந்திய மணியியல் நூல்களுட் பழமையான புத்தபட்டரின் இரத்தினபரீட்சையும், கருடபுராணத்தின் மணியியற் பகுதியும் மணிகளின் தோற்றத்தை வலன் என்னும் அசுரனின் உடலோடு இயைக்கின்றன. அவனுடைய எலும்பு வைரமாகவும், பல் முத்தாகவும், குருதி மாணிக்கமாகவும் ஆயின. பித்தத்தை வாசுகி கவர்ந்து செல்ல, வழியிற் கருடன் தாக்கியதால் அது மண்ணில் விழுந்து மரகதம் ஆயிற்று. வடமொழியின் 'காருத்மத' என்ற பெயரும், தமிழின் 'கருடப்பச்சை' என்ற பெயரும் இக்கதையை உட்கொண்டவை.

இக்கதையில் வரலாற்றுக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. பித்தம் விழுந்த இடமாக இந்நூல்கள் இந்தியாவின் உட்பகுதி எதனையும் கூறாமல், பர்பரர் நாட்டையும் கடற்கரையையும் சுட்டுகின்றன. இந்திய மணிநூல்களை 1896இல் பதிப்பித்த லூயி பினோ போன்றோர் இக்குறிப்புகளை ஆராய்ந்துள்ளனர். எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில், செங்கடலுக்கு அணித்தாக உள்ள சிகாய்த், ஜபாரா சுரங்கங்களை இவை நினைவூட்டுகின்றன. கி.பி. 6ஆம் நூற்றாண்டினரான கோஸ்மாஸ், எத்தியோப்பியர் பிளெம்மியரிடமிருந்து மரகதம் பெற்று இந்தியாவுக்குக் கொணர்ந்து விற்றனர் எனவும், இந்தியாவிலிருந்த வெள்ளை ஹூணர் அதனைப் பெரிதும் போற்றினர் எனவும் எழுதியுள்ளார். அச்சுரங்கங்களுக்குத் தெற்கே செங்கடற்கரையில் உள்ள பெரெனிகே துறைமுகத்தில் 1995இல் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானையோடு கிடைத்தமை, தமிழ் வணிகர் அக்கடல்வழியில் இயங்கியமையைக் காட்டுகின்றது. ஆகவே சொல்லும் கல்லும் இந்தியாவுக்குக் கடல்வழி வந்தன எனக் கொள்வதற்குத் தொன்மமும் பயணக் குறிப்பும் துணைநிற்கின்றன.

கிரேக்கத்தில் தியோஃபிராஸ்டஸ் கூறும் செய்தி வேறு வகையினது. சைப்பிரசில் ஒரு பாதி ஸ்மாரக்தோஸ், மறு பாதி 'இயாஸ்பிஸ்' ஆகிய கல் கிடைத்ததாகவும், நீரினின்று மாறும் மாற்றம் அதில் நிறைவுறாமை போல் தோன்றியதாகவும் அவர் குறிக்கின்றார். கல் தொடக்கம் முதலே கல்லாக இருந்ததன்று, ஒன்றினின்று மற்றொன்றாக மாறுவது என்ற எண்ணமும், அம்மாற்றத்தில் நீருக்குப் பங்குண்டு என்ற எண்ணமும் இங்குத் தோன்றிவிட்டன.

வடமொழி நிகண்டுகளில் மரகதத்திற்கு வழங்கும் மற்றொரு பெயர் 'அசுமகர்ப்பம்'. 'கல்லைக் கருப்பையாக உடையது' என இதனைப் பிரிக்கலாம். கதை எதனையும் சாராமல், கருங்கல்லுட் பொதிந்து கிடக்கும் காட்சியையே இப்பெயர் உணர்த்துகின்றது.

5. ஒரே கல் என்ற தெளிவு

பெரிலும் ஸ்மாரக்தோஸும் ஒரே இயல்பின எனப் பலர் கருதுவதாகப் பிளினி முன்னரே குறித்திருந்தார். இக்கருத்து மெய்ப்பிக்கப்பட ஆயிரத்தெழுநூறு ஆண்டுகள் ஆயின. பிரெஞ்சுப் படிகவியலார் ரெனே ஜஸ்ட் ஹவுயி, இவ்விரண்டின் படிகங்களும் ஒரே வடிவக் கோணங்களை உடைய அறுபட்டைப் பட்டகங்கள் என்பதைக் கண்டு, வேதியலார் லூயி நிக்கோலா வோக்லானிடம் அவற்றை ஆராயுமாறு வேண்டினார். வோக்லான் 1798இல் இரண்டிலும் அதுவரை அறியப்படாத ஓர் ஆக்சைடு இருப்பதைக் கண்டறிந்தார். அதன் உப்புகள் இனிப்புச் சுவை உடையனவாதலின், கிரேக்கத்தில் இனிப்பைக் குறிக்கும் சொல்லால் அதற்குப் பெயரிட்டனர். பின்னர் அப்பெயர் வழக்கிழந்து, கல்லின் பெயரினின்று ஆக்கப்பட்ட 'பெரிலியம்' என்பதே அத்தனிமத்திற்கு நிலைபெற்றது. இனிப்பு வேறு சேர்மங்களுக்கும் உண்டாதலின் அது பெயரிடுவதற்குரிய சிறப்பியல்பு ஆகாது என்பது அன்று எழுந்த மறுப்புகளுள் ஒன்று. 1828இல் செருமானியரான வோலரும் பிரெஞ்சுக்காரரான புஸ்ஸியும் அத்தனிமத்தைத் தனித்தனியே பிரித்தெடுத்தனர்.

பச்சை நிறத்தின் காரணமும் வோக்லானாலேயே வெளிப்பட்டது. சைபீரியாவின் செந்நிற ஈயத் தாது ஒன்றிலிருந்து 1797இல் அவர் குரோமியத்தைக் கண்டறிந்திருந்தார். மறு ஆண்டில் மரகதத்திலும் அதனைக் கண்டார். பெரிலின் கட்டமைப்பில் பெரிலியம், அலுமினியம், சிலிக்கன், ஆக்சிஜன் ஆகியன உள்ளன. அலுமினியத்தின் இடத்திற் சிறிதளவு குரோமியமோ வனேடியமோ புகும்போது அது மரகதமாகின்றது. இதே குரோமியம் அலுமினிய ஆக்சைடாகிய குருந்தக் கல்லிற் புகுந்தால் செந்நிற மாணிக்கம் தோன்றும். எதிரெதிர் நிறமுடைய இரு மணிகளுக்கும் நிறந்தருவது ஒரே தனிமம் என்பது பழைய மணிநூலார் எண்ணியிராத உண்மை.

6. மண்ணுள் நிகழும் சேர்க்கை

மரகதம் அரிதாதற்குக் காரணம் அதன் இரு கூறுகள் பாறைகளில் ஒருங்கே அமையாமையே. புவியின் மேலோட்டில் பெரிலியம் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 2 பங்கே உள்ளது. கருங்கற் குழம்பு ஆறி இறுகுங்கால் இறுதியில் எஞ்சும் நீர்மக் கூற்றில் அது திரண்டு, பெக்மடைட் எனப்படும் பெரும்படிகப் பாறைகளிற் சேர்கின்றது. குரோமியமோ புவியின் ஆழத்து மூடகத்தினின்று வந்த, இரும்பும் மக்னீசியமும் மிக்க கரும்பாறைகளில் மிகுந்துள்ளது. முன்னது உள்ள இடத்திற் பின்னது இன்மையின், இவ்விரண்டும் சந்திப்பதற்குத் தனிச் சூழல் தேவைப்படுகின்றது.

அச்சூழல் பெரும்பாலும் இருவகையில் அமைகின்றது. முதல் வகையில், பெக்மடைட் குழம்போ அதனின்று எழுந்த வெந்நீர்மமோ குரோமியம் மிக்க கரும்பாறையை ஊடறுத்துச் செல்கின்றது. தொடும் எல்லையில் இரண்டும் ஒன்றையொன்று மாற்றுகின்றன. கரும்பாறை கருநிற அப்பிரகமாக மாற, அதனுள் விடுபட்ட குரோமியம் பெரிலியத்தோடு சேர்ந்து மரகதப் படிகமாகின்றது. எகிப்து, உருசியாவின் யூரல் மலை, ஆஸ்திரியாவின் ஹபக்தால், சாம்பியாவின் கஃபூபு முதலிய இடங்களில் மரகதம் அப்பிரகப் பாறையிற் பொதிந்து கிடக்கின்றது. 1943இல் இராசத்தானின் காளிகுமானில் கண்டறியப்பட்டதும் இவ்வகையினதே. 1990களில் சேலம் மாவட்டம் சங்ககிரி வட்டாரத்திலும் மரகதம் கண்டறியப்பட்டது. 'அசுமகர்ப்பம்' என்ற பெயரை ஆக்கியவர் கண்ட கல் கரும்பாறையிற் பதிந்த இவ்வகைக் கல்லாதல் கூடும்.

இரண்டாம் வகைக்குக் கொலம்பியாவின் மூசோ, சிவோர், கோஸ்குவெஸ் ஆகியன சான்று. அங்குப் பெக்மடைட்டும் இல்லை, மூடகத்துக் கரும்பாறையும் இல்லை. மரகதம், கிரீத்தேசியக் காலத்துக் கரிய களிப்பாறைகளின் பிளவுகளில், வெண்ணிறக் கால்சைட்டோடும் இரும்புச் சல்பைடோடும் கிடைக்கின்றது. இதன் தோற்றம் நெடுங்காலம் விளங்காதிருந்தது. 1994இல் வெளியான ஆய்வு இதற்கு விடை கண்டது. ஆழத்திற் சென்ற நீர், பாறையுப்பையும் ஜிப்சம் போன்ற சல்பேட்டுப் படிவுகளையும் கரைத்து, ஏறத்தாழ 300 பாகை செல்சியசு வெப்பமுடைய உப்புநீராயிற்று. மலையெழுச்சியின்போது அது பிளவுகளின் வழியே களிப்பாறையுட் புகுந்தது. அங்குப் பண்டைய கடலுயிர்களின் எச்சமாகிய கரிமப்பொருள் சல்பேட்டைச் சல்பைடாக ஒடுக்கியது. இவ்வினையின்போது கரிமப்பொருள் சிதைந்து, அது பிணித்து வைத்திருந்த பெரிலியமும் குரோமியமும் வனேடியமும் விடுபட்டன. அவை கூடிப் பிளவுகளில் மரகதமாயின. இரும்பு சல்பைடாகப் பிரிந்துவிட்டமையால், இம்மரகதத்தில் இரும்பு குறைந்து பசுமை தெளிவாக அமைந்தது.

சிவோரில் இது நிகழ்ந்தது ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன். மூசோ பகுதியில் 3 முதல் 4 கோடி ஆண்டுகளுக்கு முன். தென்னாப்பிரிக்காவின் கிராவெலோட் மரகதமோ ஏறத்தாழ 297 கோடி ஆண்டுப் பழமையுடையது. ஒரே பெயரும் ஒரே இயைபும் உடைய கல், வேறுபட்ட காலங்களில், வேறுபட்ட வழிகளிற் பிறந்துள்ளது.

7. குற்றமே சான்றாதல்

மணிநோட்டகர் ஏகை எனவும் இருள் எனவும் விலக்கிய உட்குறைகள், இன்று கல்லின் பிறப்பிடத்தை உணர்த்தும் சான்றுகளாகியுள்ளன. கொலம்பிய மரகதத்தின் நுண்குழிகளில் நீர்மம், வளிக்குமிழி, கனசதுர உப்புப் படிகம் ஆகிய மூன்றும் ஒருங்கே காணப்படும். படிகம் வளர்ந்தபோது சூழ்ந்திருந்த உப்புநீரே அவ்வாறு சிறைப்பட்டுள்ளது. அப்பிரகப் பாறையிற் பிறந்தவற்றில் அப்பிரகத் தகடுகளும் ஊசி போன்ற பிற கனிமங்களும் காணப்படும். குற்றமற்ற கல் தன் வரலாற்றைக் கூறாது. குற்றமுள்ள கல் கூறும்.

பிறப்பிடத்திற்கேற்ப ஆக்சிஜன் ஓரிடத்தான்களின் விகிதமும் வேறுபடுகின்றது. இவ்விகிதத்தை அளந்து பழைய மணிகளை ஆராய்ந்த முடிவுகள் 2000ஆம் ஆண்டில் வெளியாயின. உரோமானியர் காலத்துக் காலியாவைச் சேர்ந்த காதணி ஒன்றின் மரகதம் பாக்கிசுத்தானின் சுவாத் பள்ளத்தாக்கினது எனத் தெரிந்தது. ஐதராபாத்து நிசாமின் கருவூலத்தைச் சேர்ந்த மணிகள் நெடுங்காலமாக 'பழஞ்சுரங்கத்தன' என மதிக்கப்பட்டு, மறைந்துபோன ஆசியச் சுரங்கத்தினவாகக் கருதப்பட்டவை. ஆராயப்பட்ட அவற்றுட் பெரும்பாலானவை கொலம்பியாவினவாகவும், ஒன்று ஆப்கானித்தானத்தின் பஞ்சீரினதாகவும் வெளிப்பட்டன. இசுபானியர் 16ஆம் நூற்றாண்டிற் கைப்பற்றிய கொலம்பியச் சுரங்கங்களின் விளைவு முகலாயர் அவைவரை வந்து, அங்கு அரபி எழுத்துப் பொறிப்புப் பெற்றது. மணியின் மேற்பரப்பில் உள்ள எழுத்து ஒரு நாட்டையும், உள்ளே உள்ள உப்புநீர் மற்றொரு நாட்டையும் சுட்டுகின்றன.

8. மொழிபெயர்ப்பிற் பெறப்படுவன

இவ்வரலாற்றை அறியாது சொல்லுக்குச் சொல் பெயர்த்தலால் விளையும் மயக்கத்திற்கு விவிலியத்தின் யாத்திராகமம் 28ஆம் அதிகாரம் சான்றாகும். தலைமைக் குருவின் மார்ப்பதக்கத்தில் முதல் வரிசையின் மூன்றாம் கல் எபிரேயத்தில் 'பாரெக்கெத்'. இரண்டாம் வரிசையின் முதற்கல் 'நோஃபெக்'. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு முன்னதை 'ஸ்மாரக்தோஸ்' எனவும், பின்னதைத் தழல்நிறக் கல்லாகவும் பெயர்த்தது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பிலோ முன்னது செந்நிறக் கல்லாகவும் பின்னது மரகதமாகவும் இடம் மாறின. தமிழிற் பரவலாக வழங்கும் பழைய மொழிபெயர்ப்பும் முன்னதை மாணிக்கம் எனவும் பின்னதை மரகதம் எனவும் கொண்டது. இதனால் 'மரகதம்' என்ற சொல்லின் மூலக் குடும்பத்தைச் சார்ந்த எபிரேயச் சொல் தமிழில் மாணிக்கமாயிற்று. அதனோடு தொடர்பில்லாத மற்றொரு சொல் மரகதமாயிற்று. பண்டைய எபிரேயர் எக்கல்லைக் கருதினர் என்பது சொற்பிறப்பால் மட்டும் தீர்வதன்று. ஆயினும் இவ்விடமாற்றத்தை அறியாத மொழிபெயர்ப்பாளர் அதனை மூலத்தின் செய்தியாகவே கொள்ள நேரும்.

இம்மயக்கம் சொல்லளவில் நிற்பதன்று, வரலாற்றெழுத்திலும் புகும். வடமொழி, தமிழ் இலக்கியங்களில் மரகதம் பயில்வதைக் கொண்டு, அக்காலத்தில் இந்தியாவில் மரகதச் சுரங்கங்கள் இயங்கின எனக் கூறுவது பொருந்தாது. இராசத்தானின் சுரங்கம் 20ஆம் நூற்றாண்டினது. அதுபோலவே கிரேக்க, இலத்தீன நூல்களின் 'பேரில்லோஸ்' என்பதை இன்றைய வழக்குப்படி 'வைடூரியம்' எனப் பெயர்த்தால், கொங்கு நாட்டுப் பெரில் ஏற்றுமதி பற்றிய சான்று பூனைக்கண் கல் பற்றிய சான்றாக மாறிவிடும். பௌத்த நூல்களின் 'வைடூர்ய' ஆங்கிலத்தில் இராசவர்த்தக் கல்லைக் குறிக்கும் சொல்லாற் பெயர்க்கப்பட்டு, அங்கிருந்து இந்திய மொழிகளுக்கு மீளும்போதும் இதே இடர் நேர்கின்றது.

ஆகவே நான்கு நெறிகள் பயன்படும். முதலாவது, அறிவியல் நூல்களிற் கனிமத்தைப் 'பெரில்' எனவும், அதன் குரோமிய, வனேடியப் பச்சை வகையை மட்டும் 'மரகதம்' எனவும் வழங்குதல். இரண்டாவது, பண்டைய பிறமொழி நூல்களில் கல்லின் இனம் தெளிவுறாதவிடத்துப் 'பசுமணி' போன்ற பொதுச்சொல்லை ஆண்டு, மூலச்சொல்லை ஒலிபெயர்த்துத் தருதல். மூன்றாவது, 'வைடூரியம்' என்பதன் பழம்பொருளையும் இன்றைய பொருளையும் அகராதிகளிற் கால வேறுபாட்டுடன் பிரித்துக் காட்டுதல். நான்காவது, திருவுருவப் பெயர்களில் வரும் மரகதத்தைப் பெயராகவே கொண்டு, கனிம விளக்கமாகப் பெயர்க்காதிருத்தல்.

முடிவுரை

மரகதம் என்ற சொல் ஒளியைக் குறித்துத் தொடங்கி, நிறத்தைக் குறித்துப் பரந்து, இறுதியில் ஒரு குறிப்பிட்ட வேதியல் இயைபைக் குறிக்கும் சொல்லாகச் சுருங்கியது. அதன் பொதுக் கனிமத்திற்குத் தென்னிந்தியத் தொடர்புடைய சொல் உலகப் பெயராயிற்று. கல்லின் பிறப்பு பற்றிய ஆய்வு, ஒரே பெயருடைய கற்கள் வெவ்வேறு வழிகளில் தோன்றியவை என்பதையும், அவ்வேறுபாடு கல்லினுள்ளேயே பதிந்துள்ளது என்பதையும் காட்டியது. மணியை ஆராய்வோர் அதன் உட்குறைகளை நோக்குவது போல, மணிப்பெயரை மொழிபெயர்ப்போர் அச்சொல் வந்த வழியில் ஏறிய பொருள்களையும் நேர்ந்த பிழைகளையும் நோக்குதல் வேண்டும். மணியியல், அகழாய்வு, ஓரிடத்தான் ஆய்வு ஆகியவற்றின் முடிவுகளை உட்கொண்டு தமிழின் மணிப்பெயர்களுக்கு வரலாற்று முறையிலான சொற்றொகுதி ஒன்று அமைக்கப்படுமாயின், இம்மயக்கங்களுட் பலவும் நீங்கும்.